பிஸ்கற் ரின்னுக்குள் இருந்த முகங்கள்

உடுவிலில் எங்கள் பக்கத்துச் சனம் படமெடுக்க வேண்டுமென்றால் என் சின்னையாவிடம்தான் வரும். அவர் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. கொழும்பில் சினிமாக் கமெராவுக்குப் பக்கத்தில் பல வருடம் நின்றுவிட்டு, 1977 ஓகஸ்ற் கலவரத்தோடு ஊருக்கு வந்து சேர்ந்தவர். காங்கேசன்துறை வீதியில், சுன்னாகத்துக்குப் போகிற வழியில் ஒரு கடையறையை எடுத்து ஸ்ரூடியோ வைத்தார். மறு வருடம் நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "வீட்டில சும்மா இருக்கிறதிலும் பார்க்க என்னோட வா தம்பி" என்று கூட்டிக்கொண்டு போனார். பரீட்சை முடிவு வந்த பிறகும் நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அவர் செய்யாத படவேலை இல்லை. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு, பள்ளிக்கூடக் குறூப் படம், இணுவில் கந்தசுவாமி கோயில் மஞ்சம், அடையாள அட்டைப் படம், கடவுச்சீட்டுப் படம், அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டின் அட்டைப் படம், பதினாறு மில்லிமீற்றரில் திருவிழா, கடைசிக் காலத்தில் வீடியோ. அவர் காலமாகி இருபது வருடம் கடந்துவிட்டது. இத்தனை வேலைகளுக்குள் எது நின்றது, எது போனது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

கொழும்பைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் வேலையைப் பற்றித்தான். லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ' எடுத்தபோது ஸ்ரூடியோவை விட்டுக் கிராமத்துக்குப் போய், வெயிலிலும் மர நிழலிலும் வைத்து எடுத்தார். ஒளிப்பதிவு வில்லியம் பிளேக். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சின்னையாவுக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்தது. பிறகு ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தார். அது சினிமாஸ் நிறுவனத்துக் குணரத்தினம் அவர்களுடையது. சிங்களப் படங்கள் பல அங்கே உருவான காலம். அதில் தமிழர்களின் உழைப்பும் முதலும் எவ்வளவு இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

முதலில் அவருக்குக் கிடைத்தது பிலிம் ஏற்றுகிற வேலை. ஒரு கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் விட்டு, கண்ணின் உதவி இல்லாமல் விரலாலேயே மகசினுக்குள் பிலிமைக் கோக்க வேண்டும். நானூறு அடிச் சுருள் ஒன்று நாலரை நிமிடத்துக்குக்கூடக் காணாது. சுருள் முடிகிற நேரத்துக்கு அடுத்தது தயாராக இருக்காவிட்டால், நடிகர், லைற், மேக்கப் எல்லாம் ஒரு பொடியனுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு போக்கஸ். அளவு நாடாவின் ஒரு நுனியைக் கமெராவில் பிடித்து, மறு நுனியை நடிகரின் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அந்த அடியைக் கமெராவில் வைக்க வேண்டும். நடிகர் நடந்தால் இவரும் மனதுக்குள் அடி எண்ணிக்கொண்டு வளையத்தைத் திருப்ப வேண்டும்.

இந்தப் பழக்கம் உடுவிலுக்கும் வந்தது. ஐந்து ரூபாய் அடையாள அட்டைப் படத்துக்குக்கூட நாடாவை எடுத்து அளந்துதான் போக்கஸ் வைப்பார். வந்திருக்கிற கிழவிகள் பயந்துபோவார்கள். "ஒண்டுமில்லை ஆச்சி, தையல்காரன்ர வேலைதான்" என்பார். அவர்கள் சிரிக்கும்போது படம் எடுத்துவிடுவார். பிறகு, "இனிச் சிரிக்காமல் ஒண்டு" என்று கந்தோருக்குத் தேவையான படத்தையும் எடுப்பார். சிரித்த படத்துக்குக் காசு வாங்கமாட்டார். அதை எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுக்கவும் வசதியில்லை. நெகற்றிவ் மட்டும் இருக்கும்.

அடையாள அட்டை 1972இல் வந்தது. அதற்கு முன்னர் எங்கள் ஊரில் பாதிச் சனத்துக்குப் படம் இருந்ததில்லை. வசதியானவர்கள் கலியாணத்தன்று எடுப்பார்கள். மிச்சப் பேர் செத்த பிறகு சவத்தைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்க எடுத்த படத்தில்தான் இருப்பார்கள். தோட்டத்துக்குப் போய்வருகிற மனிதரை, சந்தையில் மரக்கறி விற்கிற அம்மாவை, முகத்தை நேரே பார்த்து ஒருவர் படம் எடுத்தது அடையாள அட்டைக்காகத்தான். சின்னையாவுக்கு இது நன்றாகத் தெரியும். கலியாணவீட்டுக்குப் போகும்போது அவர் கசங்கிய சேட்டோடும் போவார். அடையாள அட்டைக்கு ஆட்கள் வருகிற நாளில் தோய்த்து அயர்ன் பண்ணிய சேட்டுத்தான்.

ஸ்ரூடியோவில் வடக்குப் பார்த்த யன்னல் ஒன்று இருந்தது. வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் வரும். ஆளை யன்னலுக்குப் பக்கத்தில் இருத்தி, மற்றப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கம்பியில் தொங்கவிடுவார். வேட்டியைக் கிட்டக் கொண்டுவந்தால் நிழல் மெலியும், தள்ளினால் கறுக்கும். வேட்டி எவ்வளவு தூரத்தில் தொங்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. கன்னம் ஒட்டியவருக்குக் கிட்ட, வட்ட முகத்துக்குத் தூர. மாடிப்படியும் மயிலும் கீறிய திரை ஒன்றும் இருந்தது. ஆட்கள் கேட்டால் போடுவார். அவருக்கு விருப்பம் வெறுஞ் சாம்பல் நிறச் சுவர்.

இருட்டறை வேலையில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருந்தது. வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. அந்தத் தண்ணீரில் பிலிமைக் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் பிடித்துவிடும். பிறகு அச்சடிக்கும்போது முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஆகவே மாரிகாலத்தில் தாழ்வாரத்து மழைத்தண்ணியைப் பீப்பாய்களில் பிடித்து, துணியால் வடித்து மூடி வைப்போம். ஹைப்போவில் இருந்து எடுத்த பிலிமைக் கிணற்றுத் தண்ணீரில் நெடுநேரம் அலசி, கடைசி அலசலை மட்டும் மழைத்தண்ணியில் செய்வோம். டெவலப்பர் இருபது பாகைச் சூட்டில் இருக்க வேண்டும். பங்குனி சித்திரையில் அது எங்கே நடக்கும்? மண்பானையில் ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, விடியற்புறம் நாலு மணிக்கு எழும்பி வேலை செய்வோம். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அந்த விடியற்புறங்கள்தான். சிவப்பு லைற்றின் கீழே தட்டத்தை ஆட்டிக்கொண்டு நிற்க, வெறுந்தாளில் முதலில் கண்கள்தான் வரும். கறுப்புக் கூடிய இடம் என்பதால் அது முந்தும்.

பிறகு பென்சில் வேலை. நெகற்றிவில் மீடியம் என்று ஒரு வார்னிஷைப் பஞ்சால் தடவி, அது இழுபட்ட பிறகு, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்தில் உள்ள பள்ளங்களை நிரப்புவது. நெகற்றிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், நெற்றிக் கோடு எல்லாம் போய்விடும். ஊரில் நல்ல ஸ்ரூடியோ என்றால் நன்றாக "ரச்" பண்ணுகிற ஸ்ரூடியோ என்றுதான் அர்த்தம். சின்னையாவின் கை அதில் மிகத் திறம். இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் பின்னால் வரும்.

அந்த வருடங்களில் எங்கள் நாட்டுத் தமிழ்ப் படங்களுக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. காவலூர் இராசதுரையின் எழுத்தில் தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' யாழ்ப்பாணத்திலேயே எடுக்கப்பட்டு 1977இல் வந்தது. செங்கை ஆழியானின் நாவலில் இருந்து 'வாடைக்காற்று' 1978இல் வந்தது. படம் ஓடினால் அடுத்த படத்தில் சின்னையாவுக்கு இடம் கிடைக்கும் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். இந்தியப் படங்களுக்கு முன்னால் எங்கள் படங்களால் நிற்க முடியவில்லை. பிறகு நாடு போன போக்கில் யாருமே படம் எடுக்கிற நிலையில் இல்லை. தம்பிஐயா தேவதாஸ் எழுதிய இலங்கைத் தமிழ்ச் சினிமா வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு, எத்தனை பேர் வீட்டையும் காணியையும் ஈடுவைத்து இந்தத் தொழிலுக்குள் இறங்கினார்கள் என்று விளங்கும்.

சின்னையா மனதுக்குள் வைத்துக் கும்பிட்ட ஒளிப்பதிவாளர் ஒருவர் இருந்தார். மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திரா. அவரை இவர் நேரில் கண்டதில்லை. ஆனால் அவரைப் பற்றி எந்தப் பத்திரிகையில் வந்தாலும் வெட்டி வைப்பார். பள்ளிப் பருவத்தில் டேவிட் லீனின் 'பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பை இலங்கையில் நின்று பார்த்து, அந்த ஆளைப் போல ஆக வேண்டும் என்று பாலு மகேந்திரா முடிவெடுத்த கதையைச் சின்னையா தன் வீட்டுக் கதைபோலச் சொல்லுவார். பிறகு அவர் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தார், தேனருவி என்ற சஞ்சிகை நடத்தினார், கொழும்பில் நாடகம் நடித்தார், 1966இல் பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போனார். மற்றப் பிரிவுகளில் இடம் கிடைக்காததால்தான் ஒளிப்பதிவில் சேர்ந்தார்; 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். ராமு காரியாத்தின் 'நெல்லு' மலையாளப் படத்துக்குக் கேரள அரசு விருது, கன்னடத்தில் தானே இயக்கிய 'கோகிலா'வின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது, 1982இல் 'மூன்றாம் பிறை'க்கு மறுபடியும் தேசிய விருது. தமிழில் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்', தெலுங்கில் விஸ்வநாத்தின் 'சங்கராபரணம்', கன்னடத்தில் மணிரத்னத்தின் முதற் படம் 'பல்லவி அனு பல்லவி' எல்லாவற்றிலும் அவர் கமெராதான். பல மொழிகளில் வேலை செய்திருக்கிறார். எல்லா மொழியிலும் வெளிச்சம் ஒன்றாகவே இருந்தது.

'மூன்றாம் பிறை'யை நாங்கள் பார்த்தது உறவினர் வீட்டு வீடியோ டெக்கில். சனம் கதையைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, சின்னையா நடுவில் எழும்பிப் போய்ப் படத்தை நிற்பாட்டினார். பெண்கள் சத்தம் போட்டார்கள். அவர் ரீவிக்குக் கிட்டக் குந்தியிருந்து, கோடு கோடாக நடுங்கிக்கொண்டிருந்த அந்தப் படத்தைப் பார்த்தார்.

"சின்னையா, என்ன பார்க்கிறியள்?" என்று கேட்டேன்.

"யன்னலைப் பார். வெளிச்சம் அதாலதான் வருது. மற்றப் பக்கத்தில எங்கயோ ஒரு வெள்ளையில பட்டுத் திரும்புது. ஒரு லைற்றும் போடேல்லைப் போல இருக்கெல்லே? அப்பிடி இருக்கப் பண்ணுறதுதான் வேலை."

எங்கள் ஸ்ரூடியோ வேட்டியைத்தான் அவர் அந்தப் படத்தில் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்குப் பட்டது. பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவை இயற்கை ஒளி என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இருக்கிற வெளிச்சத்தைச் சும்மா எடுத்தால் அப்படி வராது. முகத்தின் எந்தப் பாதி நிழலுக்குள் இருக்க வேண்டும், அந்த நிழலுக்குள் கண் எவ்வளவு தெரிய வேண்டும் என்று முடிவெடுத்த பிறகுதான் அது வரும். அடையாள அட்டைப் படம் எடுப்பவருக்கும் அந்த முடிவு வேண்டும். பெரிய தொழில், சின்னத் தொழில் என்று இதைப் பிரிக்க நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அங்கே இருந்த படச் சுருள்களும் எரிந்தன. செய்தி வந்த அன்று சின்னையா ஸ்ரூடியோவைப் பூட்டவில்லை, பூட்ட முடியவில்லை. கொழும்பில் இருந்து கப்பலில் அகதியாக வந்தவர்களும், வெளிநாட்டுக்குப் போக நினைத்த பொடியன்களும் கடவுச்சீட்டுப் படத்துக்கு வரிசையில் நின்றார்கள். அவர் தன் வாழ்க்கையின் நல்ல வருடங்களைச் செலவழித்த சினிமா வேலையில், கையில் பிடித்துக் காட்ட ஒரு அடி பிலிம்கூட அவரிடம் இல்லை. எரிந்ததற்குள் எது இருந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பொடியன்களை ஒவ்வொருவராக யன்னலுக்குப் பக்கத்தில் இருத்தி, நாடாவால் அளந்து எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருடமும் அடுத்த வருடமும் எடுத்த முகங்களில் பலரை ஊரில் திரும்பவும் காணவில்லை. கனடா, ஜேர்மனி, பாரிஸ், இயக்கங்கள். போகிற இடம் எதுவானாலும் எல்லாருக்கும் அதே கதிரை, அதே சுவர்.

நெகற்றிவைப் பாதுகாப்பதில் அவர் பிடிவாதக்காரர். ஒவ்வொரு நெகற்றிவையும் மெல்லிய தாள் உறையில் போட்டு, இலக்கம் எழுதி, பெரிய பிஸ்கற் ரின்களுக்குள் அடுக்கி, மூடியைச் சுற்றி ஆஸ்பத்திரிப் பிளாஸ்ரர் ஒட்டுவார். இலக்கம், பெயர், ஊர், திகதி எல்லாம் நீட்டுக் கொப்பியில் இருக்கும். கலியாண நெகற்றிவ்களை அல்பத்தோடு சேர்த்து வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுவோம். திருவிழாக்களை எடுத்த பதினாறு மில்லிமீற்றர்ச் சுருள்கள் தட்டியில் திறந்தபடி இருந்தன. அவற்றை அடிக்கடி எடுத்துப் போட்டுக் காட்டுவார் என்பதால் ரின்னுக்குள் போடவில்லை.

1990இல் இருந்து ஐந்து வருடம் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பற்றறிக்குத் தடை, எரிபொருளுக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். என்லாஜருக்கு லைற் இல்லை என்று ஸ்ரூடியோவை மூட வேண்டி வந்தது. சின்னையா மூடவில்லை. யன்னல் பலகையில் ஒரு துளை வெட்டி, வெளியே முகக் கண்ணாடி ஒன்றைச் சரித்து வைத்து, வெயிலைத் துளைக்குள் திருப்பினார். துளைக்கு முன்னால் எண்ணெய்த் தாள் ஒட்டி வெளிச்சத்தைப் பரப்பி, என்லாஜரைப் படுக்கப் போட்டு, சுவரில் தாளைக் குத்தி அச்சடித்தோம். முகில் வந்தால் கணக்கு மாறிவிடும். நான் வெளியே நின்று "முகில், சின்னையா, முகில்" என்று கத்துவேன். அவர் உள்ளே கையால் மறைப்பார். அப்படி அச்சடித்த படங்களில் சில இன்றைக்கும் ஊரில் சுவர்களில் தொங்குகின்றன. நிறம் மாறவில்லை.

1995 ஒக்ரோபர் 30. இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த இரவைப் பலர் எழுதிவிட்டார்கள். எங்கள் சைக்கிளில் அம்மம்மா இருந்தா, அரிசி இருந்தது, ஒரு கமெரா இருந்தது. கொப்பியைச் சின்னையா வயிற்றோடு சேர்த்துச் சாரத்துக்குள் கட்டியிருந்தார். ரின்களைக் கொண்டுபோக வழியில்லை. ஸ்ரூடியோவின் சீலிங் பலகைக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டு வந்தோம். மழை. கைதடிப் பக்கம் போகும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

1996 சித்திரை வைகாசியில் சனம் திரும்பத் தொடங்கியது. ஸ்ரூடியோவின் கூரையில் பாதி போயிருந்தது. திருவிழாச் சுருள்கள் ஒரு மாரி முழுக்க நனைந்து, உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. இழுத்தால் படம் உரிந்து வெறும் பிலிம் வந்தது. இணுவில் மஞ்சம், சுன்னாகத்துச் சந்தை, அவர் போலெக்ஸ் கமெராவுக்குச் சாவி கொடுத்துச் சாவி கொடுத்து அரை நிமிடம் அரை நிமிடமாக எடுத்தது எல்லாம் போய்விட்டது. மயில் திரை கிழிந்து முற்றத்தில் கிடந்தது. சீலிங்கின் ஒரு மூலை மட்டும் இருந்தது. ரின்கள் அந்த மூலையில். மேல்மூடி துருப்பிடித்திருந்தது. பிளாஸ்ரரை வெட்டித் திறந்தபோது உறைகள் காய்ந்தபடியே இருந்தன.

அந்த வருடத்தில் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் காணாமற்போனார்கள். சோதனைச் சாவடியில் மறித்தார்கள், பிறகு ஆளைக் காணவில்லை என்ற கதை ஊருக்கு ஊர் இருந்தது. தேடிப் போகிற இடமெல்லாம் முதலில் கேட்டது, "படம் இருக்கா?" இடம்பெயர்ந்து வந்த சனத்திடம் படம் எங்கே? ஒரு அம்மா ஸ்ரூடியோவுக்கு வந்தா. அவவை எனக்கு முகப்பழக்கம் உண்டு.

"அண்ணை, என்ர மகன் உங்களிட்டத்தான் ஐடென்ரிற்றிக் காட்டுக்குப் படம் எடுத்தவன். வீட்டில ஒண்டும் மிஞ்சேல்லை."

"எந்த வருசம் பிள்ளை?"

"வருசம் தெரியாது. அவன் ஓலெவல் எடுக்கேக்க."

சின்னையா கொப்பியை விரித்தார். நான் ரின்னைத் திறந்தேன். பெயர் இருந்தது, இலக்கம் இருந்தது, நெகற்றிவ் இருந்தது. அன்றைக்கே பெரிதாக அச்சடித்தோம். படத்தைக் கையில் வாங்கிய அம்மா நெடுநேரம் பார்த்தா. பிறகு விரலால் படத்தின் நெற்றியைத் தொட்டா.

"இவடத்தில ஒரு காயம் இருந்தது. சின்னனில படலை அடிச்சது. இதில இல்லையே அண்ணை."

சின்னையா பேசாமல் நெகற்றிவை எடுத்து யன்னலில் பிடித்தார். நெற்றியின் இடப்பக்கத்தில் பென்சில் தீற்றல் மெல்லப் பளபளத்தது. பிள்ளை அழகாக இருக்கட்டும் என்று, ஊர் வழக்கப்படி அவர் நிரப்பிய வடு. பஞ்சில் ரேப்பன்ரைன் தொட்டு, வட்டமாகத் துடைத்துத் துடைத்துப் பென்சிலையும் மீடியத்தையும் எடுத்தார். அவர் கை அவ்வளவு ஆறுதலாக வேலை செய்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. மழைத்தண்ணியில் கழுவிக் காயவைத்து, மறுநாள் திரும்ப அச்சடித்தோம். வடு வந்தது. அந்த அம்மா படத்தைப் பார்த்தவுடனே மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா.

அதற்குப் பிறகு அவவைப் போல எத்தனையோ பேர் வந்தார்கள். சின்னையா யாரிடமும் காசு வாங்கவில்லை. சிரித்த படத்தின் நெகற்றிவும் இருந்தால் அதையும் அச்சடித்துக் கொடுப்பார். அது வேலைக்கு உதவாது, வீட்டில் வைத்திருக்க. பென்சிலைத் தொடுவதை அன்றோடு விட்டுவிட்டார். "முகத்தில இருக்கிறதுக்கு எல்லாம் ஆள் இருக்கு" என்று ஒருநாள் சொன்னார். இருபத்தைந்து வருடத் தொழிலில் அவர் எனக்குச் சொல்லித்தந்த எல்லாவற்றிலும் இதைத்தான் மேலாக மதிக்கிறேன்.

அவர் போன பிறகு, பாலு மகேந்திராவைப் பற்றி நான் படித்த ஒரு செய்தி என்னை உலுக்கியது. அவருடைய படங்களிலேயே மிகச் சிறந்தவை என்று நான் நினைப்பவை 'வீடு'ம் 'சந்தியா ராக'மும். 'வீடு' 1987ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பாட்டு இல்லை, சண்டை இல்லை, ஒரு சாதாரணக் குடும்பம் ஒரு சின்ன வீட்டைக் கட்டப் படுகிற பாடு மட்டும். சொந்த வீட்டை விட்டு ஓடித் திரும்பிய எங்களுக்கு அந்தப் படத்தின் ஒவ்வொரு செங்கல்லும் தெரியும். அந்தப் படங்களின் நெகற்றிவ் இன்றைக்கு இல்லை என்று அவர் மேடைகளில் மனம் நொந்து சொன்னார். தமிழ்நாட்டுக்கு ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல் இருந்தே இருக்கிறது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிற தமிழுக்கென்று ஒன்று வேண்டும் என்பதுதான் அவர் ஆதங்கம். 2014 பெப்ரவரி 13ஆம் திகதி அவர் காலமானார். அந்தக் கலைஞனின் படத்துக்கே இந்தக் கதி என்றால், எங்கள் ஊர்த் திருவிழாச் சுருளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

இதில் விதியைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்கள். விஜயா ஸ்ரூடியோவை எரித்தார்கள். அது மற்றவர்கள் செய்தது. ஆனால் நாங்களே செய்வது ஒன்று உண்டு. பெரிய வேலை என்று நினைப்பதைக் கண்ணாடிக்குள் வைக்கிறோம். சின்ன வேலை என்று நினைப்பதை எறிகிறோம். சின்னையாவின் திருவிழாச் சுருள் ஒன்றுகூட இல்லை. அவர் ஐந்து ரூபாய்க்கு எடுத்த படங்கள் இருக்கின்றன. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் மடியில் வைத்திருந்த படங்களைக் கவனித்துப் பாருங்கள். சாம்பல் சுவர், நேர்ப் பார்வை, மேல் பொத்தான் பூட்டிய சேட்டு. பெரும்பாலானவை ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு ஸ்ரூடியோவில் அடையாள அட்டைக்கு எடுத்தவை. அந்தப் படத்தை எடுத்தவரின் பெயர் எவருக்கும் தெரியாது.

சின்னையாவின் ரின்கள் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றாக ஸ்கான் பண்ணிக்கொண்டிருக்கிறேன். கண் முன்போல இல்லை. மெல்ல மெல்லத்தான் நடக்கிறது. கொப்பியில் பெயர் இருப்பதால் இவை முகங்கள். பெயர் இல்லாமல் வந்துசேர்கிற பழைய அல்பங்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. நல்ல உடுப்போடு, நல்ல வெளிச்சத்தில், யாரென்று தெரியாத ஒரு குடும்பம்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உடுவிலில் இருந்தாலும் சரி, ஸ்காபரோவில் இருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் உள்ள பழைய படங்களை இந்தக் கிழமையே வெளியே எடுங்கள். வீட்டில் உள்ள மூத்தவரைப் பக்கத்தில் இருத்தி, படத்தில் இருப்பவர்களின் பெயரை, ஊரை, ஆண்டைக் கேட்டு, படத்தின் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். போல்பொயின்ற் பேனையால் எழுத வேண்டாம். மை மறுபக்கம் ஊறும். பசையுள்ள பிளாஸ்ரிக் அல்பத்தில் இருந்தால் கழற்றிக் காகித உறைக்குள் போடுங்கள். நெகற்றிவ் இருந்தால், எவ்வளவு பழையதானாலும் எறிய வேண்டாம். பிரதி எடுத்து, 2005இல் தொடங்கி எங்கள் ஆவணங்களை எண்ணிமமாக்கி வருகிற நூலக நிறுவனத்தினருக்குக் கொடுங்கள். படம் எடுத்தவரின் பெயரோ ஸ்ரூடியோவின் பெயரோ தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.